கோரைப்பல் இல்லாத பகைவன்

கொல்லிமலையின் மேற்குச் சரிவில், பழைய வழக்கில் குடவரையில், ஒரு பாவை இருப்பதாகச் சங்கப் பாடல்கள் பல இடங்களில் சொல்கின்றன. கபிலர், பரணர், கல்லாடனார் என்று பெரிய புலவர்கள் அதைப் பாடியிருக்கிறார்கள். பூதம் செய்து வைத்தது என்கிறது நற்றிணைப் பாட்டு ஒன்று. தெய்வம் எழுதியது என்கிறது குறுந்தொகை. காற்று மோதினாலும், மழை அடித்துப் பெய்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அதன் அழகு குலையாது என்று பரணர் அடுக்குகிறார். இந்தப் பாடல்களில் பாவை யாரையும் கொல்வதில்லை. தலைவியின் அழகுக்கு உவமையாக நிற்கிறது, அவ்வளவுதான். கொலைத்தொழில் பின்னால் வந்து சேர்ந்தது. மலையில் தங்கியிருந்த முனிவர்களை அசுரர்கள் வந்து வருத்தினார்கள். அவர்களைத் தடுக்க ஒரு பாவை செய்து நிறுத்தப்பட்டது. அசுரரின் வாடை பட்டதும் அது அசையும், சிரிக்கும். சிரிப்பில் மயங்கி நெருங்கியவன் திரும்ப மாட்டான். உரைமரபிலும் ஊர்வழக்கிலும் வளர்ந்த கதை இது. மலைமேல் உள்ள எட்டுக்கை அம்மனே அந்தக் கொல்லிப்பாவை என்று இன்று வழிபடுகிறார்கள்.

ஆள் துணையின்றி இயங்கும் காவற்பொறி, வாடையால் பகையை அறியும் திறன், சிரிப்பையே ஆயுதமாகக் கொண்ட பெண்ணுருவம். 1940-களின் அமெரிக்கப் படக்கதை எழுத்தாளர் ஒருவர் கையில் இந்தச் சரக்கு கிடைத்திருந்தால் இரண்டு ஆண்டுக்குத் தொடர் ஓட்டியிருப்பார். ஆனால் அவர் அதை எதிரியின் பக்கம் நிறுத்தியிருப்பார். கொல்லியில் அது நம் பக்கம் நிற்கிறது. போர்க்காலக் கற்பனை விசித்திரத்தை யார் தலையில் கட்டுகிறது என்பது அந்தப் போரைப் பற்றியும் அதைப் பாடியவர்களைப் பற்றியும் நிறையச் சொல்லிவிடும்.

அமெரிக்கப் படக்கதைகளில் அதிமனிதர்களின் காலம் 1938-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜூன் மாதத் தேதியிட்ட இதழில் அறிமுகமான சூப்பர்மேனுக்கு முதலில் வாய்த்த எதிரிகள் அக்கம்பக்கத்து ஆட்கள்: மனைவியை அடிக்கிறவன், செனட்டரைக் கைக்குள் போட்டுக்கொண்ட தரகன், பாதுகாப்பில்லாத சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் முதலாளி. அந்த முதலாளியை அவனுடைய சுரங்கத்துக்குள்ளேயே சிக்க வைத்துப் பாடம் புகட்டுகிறான் சூப்பர்மேன். பொருளாதார மந்தத்தில் நொந்து கிடந்த வாசகருக்கு இப்படிப்பட்டவர்களை வில்லன் என்று அடையாளம் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. முகத்தில் ஒரு தழும்புகூட வரையத் தேவைப்படவில்லை.

போர் நெருங்க நெருங்க முகங்கள் மாறின. 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே கேப்டன் அமெரிக்கா ஹிட்லரின் தாடையில் குத்துவிட்டான். அமெரிக்கா போரில் இறங்க இன்னும் பல மாதங்கள் இருந்தன. உருவாக்கிய ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யூத இளைஞர்கள். அவர்களுக்கு அவசரம் இருந்தது, நியாயமும் இருந்தது. அதே இதழில் ரெட் ஸ்கல் வருகிறான்: முகத்தின் இடத்தில் சிவப்பு மண்டையோடு. அந்த ஆண்டு இறுதியில் வேறொரு பதிப்பகம் கேப்டன் நாஜி என்ற ஒருவனை இறக்கியது. அவன் விஞ்ஞான முறையில் பலமூட்டப்பட்ட ‘உன்னத’ மனிதன். இன்னும் முன்னதாகவே, 1939-இன் இறுதியில், ‘க்ளா’ என்ற ராட்சதன் வந்திருந்தான். கீழைநாட்டான் என்று சொல்லப்பட்ட அவன் கட்டடங்களை விட உயரமாக வளர்வான்; பற்கள் வாய்க்கு வெளியே நீண்டு தொங்கும். இந்த வரைகலையின் இனவெறி இன்றைய கண்ணுக்குத்தான் தெரிகிறது என்று சமாதானம் சொல்ல முடியாது. அன்றும் அது மறைந்திருக்கவில்லை.

விசித்திரத்தின் உச்சம் மிஸ்டர் மைண்ட். 1943-இல் கேப்டன் மார்வெல் இதழில் தொடங்கி 1945 வரை 25 அத்தியாயங்கள் ஓடிய தொடரின் வில்லன் இவன். ‘தீமையின் அரக்கர் கழகம்’ என்ற அமைப்பின் தலைவன். முதலில் குரல் மட்டும் வானொலியில் வரும்; ஆள் தெரியாது. ஹிட்லரே அவனுக்குக் கீழ் வேலை பார்க்கிறார் என்னும்போது வாசகச் சிறுவர்கள் எத்தனை பெரிய உருவத்தைக் கற்பனை செய்திருப்பார்கள்! கடைசியில் தெரியவந்தது ஒரு புழு. விரல் நீளம். மூக்குக்கண்ணாடி போட்டிருக்கும். குரல் கேட்க வேண்டுமே என்பதற்காகக் கழுத்தில் ஒரு சிறு ஒலிபெருக்கி தொங்கும். கேப்டன் மார்வெல் அதை நசுக்கிவிட்டு நகர்ந்திருக்கலாம். கதாசிரியர் ஆட்டோ பைண்டரும் ஓவியர் சி. சி. பெக்கும் அப்படி விடவில்லை. புழுவைப் பிடித்துக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் நிறுத்தி, விசாரித்து, மின்நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்தக் காலத்து வில்லன்களில் அறிவுள்ள கற்பனை இது ஒன்றே எனலாம். தீமைக்கு மண்டையோட்டு முகம் தேவையில்லை, அது சின்னதாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒலிபெருக்கியின் பலத்தில் வாழக்கூடியது என்று ஒரு சிறுவர் கதை சொல்லிவிட்டது. ஹிட்லரின் குரலை வானொலியில் கேட்ட தலைமுறைக்கு அந்த ஒலிபெருக்கி வெறும் வேடிக்கையாக இருந்திருக்காது.

விசித்திர வில்லன்கள் பெருகியதற்குக் கதைத்தொழிலின் நெருக்கடியும் ஒரு காரணம். மலையைத் தூக்கும் நாயகன் இருக்கும்போது போர் ஏன் இன்னும் முடியவில்லை என்று எந்தச் சிறுவனும் கேட்பான். 1940 பிப்ரவரியில் லுக் இதழுக்காக வரையப்பட்ட இரண்டு பக்கக் கதையில் சூப்பர்மேன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் காலரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் உலக நாடுகள் சங்கத்தின் முன் நிறுத்திவிட்டான். அதோடு கதை தீர்ந்துவிட்டது. நிஜப் போர் தீரவில்லை. அமெரிக்கா போரில் இறங்கியபின், 1942-இல், நாளிதழ்த் தொடரில் வேறு உபாயம் செய்தார்கள். படையில் சேரப் போன கிளார்க் கென்ட் (சூப்பர்மேனின் அன்றாட வேடம்), கண் பரிசோதனையில், ஊடுருவிப் பார்க்கும் பார்வையால் பக்கத்து அறையில் தொங்கிய அட்டையைப் படித்துவிடுகிறான். தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நிஜ எதிரியைக் கதையில் தோற்கடிக்க முடியாது. தோற்கடித்தால் மறுநாள் செய்தித்தாள் பொய்யாக்கிவிடும். ஆகவே தோற்கடிக்கத் தோதாக ஓர் எதிரியைச் செய்ய வேண்டும். மண்டையோடும் ராட்சதப் பல்லும் புழுவும் அப்படிச் செய்யப்பட்டவை.

இன்னொரு காரணம் எளியது, கொஞ்சம் கசப்பானதும்கூட. எதிரி அந்த இதழ்களை வாங்குபவன் இல்லை. வாங்கியவர்கள் அமெரிக்கச் சிறுவர்களும் அமெரிக்கப் படைவீரர்களும். பெர்லினில் உள்ளவனோ தோக்கியோவில் உள்ளவனோ கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்தப் போவதில்லை. ஜெர்மானியரிடையே நல்லவர் ஒருவரேனும் வருவார். ஜப்பானியர் என்றால் ஒரே அச்சில் வார்த்த மஞ்சள் முகமும் முன்பல்லும்தான். இந்த வேறுபாடு தற்செயலானது அல்ல. அமெரிக்க வாசகரில் ஜெர்மானிய வம்சாவளியினர் ஏராளம். ஜப்பானிய வம்சாவளியினர் சொற்பம். அவர்களிலும் மேற்குக் கரையில் இருந்தவர்கள் 1942-லிருந்து முகாம்களில் அடைபட்டிருந்தார்கள்.

சங்க காலத்தில் நடந்த கொல்லிமலைப் போரைப் பாடியவர்களின் நிலைமை இதற்கு நேர் எதிர்.

அந்தப் போரின் நாயகன் வல்வில் ஓரி, கொல்லியை ஆண்டவன். இன்று செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசு ஓரி விழா எடுக்கிறது. அவனுடைய வில்லாற்றலைப் பாடும் புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் அதிமனிதக் கதையின் எல்லா உறுப்புகளும் உண்டு. பாடியவர் வன்பரணர். காட்டுவழியே வரும் பாணர் கூட்டம் வேட்டையாடும் ஒருவனைப் பார்க்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, வாய் பிளந்த புலியை உருட்டி, கலைமானைச் சாய்த்து, பன்றியைத் தள்ளி, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. யார் இவன், ஓரியோ வேறொருவனோ என்று கூட்டத்துக்குச் சந்தேகம். கூலிக்கு வேட்டையாடும் ஆளாகவும் தெரியவில்லை. மார்பில் ஆரம் கிடக்கிறது. விறலியரைக் கூட்டிப் பாடச் சொல்கிறார்கள். தன் பெயர் பாட்டில் வந்ததும் அவன் கூச்சப்படுகிறான். பிறகு மானிறைச்சியும் கள்ளும் தந்து, மலையில் கிடைத்த பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். முகமூடியைக் கழற்றாமலே அடையாளம் வெளிப்பட்டுவிடும் காட்சி. யானைக்கும் புலிக்கும் பிறகு ஓர் உடும்பைக் கொண்டுவந்து வைத்ததில் புலவரின் குறும்பும் தெரிகிறது.

இப்படிப்பட்ட நாயகனைக் கொன்றவன் யார்? மலையமான் திருமுடிக்காரி. பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூர்ப் பக்கம் ஆண்டவன். முள்ளூர் அவன் மலை. ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூற்றில் கல்லாடனார் சொல்கிறார். பலாவும் தேனும் மிளகும் அருவியும் உள்ள மலை; சேரன் விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் காரிக்கு ஓரியோடு சொந்தப் பகை என்று சொல்ல ஒன்றுமில்லை. மூவேந்தரில் யாருக்குத் துணை தேவையோ அவர்கள் காரியைத் தேடி வருவார்கள், அவர்கள் தரும் பொருளே அவன் குடியின் செல்வம் என்று கபிலரே ஒரு பாட்டில் புகழ்ச்சியாகச் சொல்லியிருக்கிறார். இன்றைய பேச்சில் கூலிப்படைத் தலைவன். கொடை வள்ளல் ஒருவனை மற்றொருவருக்காகக் கொன்று, அவன் மலையைக் கைமாற்றிக் கொடுத்தவன். வில்லனுக்கு வேண்டிய சரக்கு இதற்கு மேல் தேவையா?

சங்கப் புலவர்கள் அவனை வில்லனாக்கவில்லை. ஓரி இறந்தபின் காரி அவனுடைய பெருந்தெருவில் நுழைந்ததும் ஊர் கல்லென்று ஆரவாரித்ததை நற்றிணையில் கபிலர் சொல்கிறார். அங்கேகூட அது பரத்தை ஒருத்தி தெருவில் நடந்தபோது எழுந்த சலசலப்புக்கு உவமை. அரசன் செத்த ஊரின் அதிர்ச்சி ஒரு வரியில் வந்து போகிறது. காரியின் முகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கண் சிவக்கவில்லை, பல் நீளவில்லை. சிறுபாணாற்றுப்படை கொடை வள்ளல் எழுவரை வரிசைப்படுத்தும்போது காரியும் அதில் இருக்கிறான், ஓரியும் இருக்கிறான். காரி என்னும் குதிரையை உடைய காரியோடு பொருத, ஓரி என்னும் குதிரையை உடைய ஓரி என்று கொன்றவன் பெயரைச் சொல்லியே இறந்தவனை அறிமுகம் செய்கிறார் நத்தத்தனார். இரண்டு பேருக்கும் ஒரே உயரத்தில் பீடம்.

இதைச் சங்க காலத்தின் பெருந்தன்மை என்று கொண்டாடத் தோன்றும். அதில் பாதிதான் உண்மை. பகைவர் ஊரை எரித்ததையும், விளைநிலத்தைக் கொள்ளையடித்ததையும், கோட்டை இருந்த இடத்தில் கழுதை பூட்டி உழுததையும் அதே புலவர்கள் குரல் நடுங்காமல் புகழ்ந்திருக்கிறார்கள். கொடுமைக்கு அங்கே குறைவில்லை. பகைவனை விகாரப்படுத்துவதுதான் இல்லை. காரணம் பெரும்பாலும் பிழைப்பு சம்பந்தப்பட்டது. பாணனும் புலவனும் ஒரு மன்னனை நம்பி இருந்தவர்கள் அல்லர். இன்று ஓரியிடம் யானை வாங்கியவன் நாளை காரியிடம் தேர் வாங்கப் போக வேண்டும். மறுநாள் சேரன் அவைக்களம். ஒருவனுடைய பகைவன் இன்னொரு பாட்டின் தலைவன். அமெரிக்கப் படக்கதைக்காரருக்கு எதிரி வாசகனாக இல்லை. சங்கப் புலவருக்கு எதிரியும் புரவலன். அங்கே கோரைப்பல் வரைந்தால் சோறு போய்விடும். பிழைப்பிலிருந்து வந்த அந்த நாகரிகம் பிறகு மரபாகிவிட்டது.

கொல்லியும் கைமாறிக்கொண்டே இருந்தது. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும் இரு பெருவேந்தரையும் வென்றதாகப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம் சொல்கிறது. பாவை மட்டும் ஆள் மாறவில்லை. ஒரு பாட்டில் அது ஓரியின் கொல்லிப் பாவை, இன்னொன்றில் பொறையனுடையது, வேறொன்றில் வானவனுடையது. எந்த மன்னனுக்காகவும் அது இன்னொரு மன்னனைப் பார்த்துச் சிரித்ததில்லை. கதையில் அது கொல்வது அசுரரை மட்டுமே.

அசுரர் வேறு ரகம். அவர்களிடம் எந்தப் பாணனும் பரிசில் வாங்கப் போனதில்லை. ஆகவே கற்பனைக்குத் தடையில்லை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினொரு ஆடல்களில் பெரும்பாலானவை ஏதோ ஓர் அவுணப் போரின் நினைவு. கடல் நடுவே சூரனோடு பொருத முருகன் ஆடியது துடி. படைக்கலம் போட்டுவிட்டு அவுணர் தளர்ந்தபோது அவன் ஆடியது குடை. மாயவள் மரக்கால் கட்டி ஆடியதற்கு உரைகாரர் சொல்லும் காரணம் எந்தப் படக்கதைக்கும் சளைத்ததல்ல: நேர்ப்போரில் நிற்க முடியாத அவுணர் பாம்பும் தேளுமாக உருமாறித் தரையில் ஊர்ந்து வந்தார்கள், தேவி மரக்காலில் ஏறி நின்று அவற்றை மிதித்து உழக்கினாள். புழுவாக வந்த மிஸ்டர் மைண்டுக்குப் பல நூற்றாண்டு மூத்தவர்கள் இந்த அவுணர். அடுத்த ஆடல் பாவை. போர்க்கோலம் பூண்டு வந்த அவுணர் அதைக் களைந்து மயங்கும்படி திருமகள் ஆடியது அது; அவள் கொண்ட வடிவம் கொல்லிப்பாவை என்பது உரை. குடவரையில் அசையாமல் நின்றது இங்கே ஆடுகிறது. ஆயுதம் இல்லை, அடி இல்லை. பார்த்தவன் தான் எதற்கு வந்தோம் என்பதை மறந்துபோகிறான்.

கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் வந்தபோது அசுரர் பட்டியல் முழுமை பெற்றது: ஆயிரம் தலைச் சிங்கமுகன், யானைமுகத் தாரகன், கடலிலும் வானத்திலும் உருமாறிப் போரிடும் சூரபத்மன். திருச்செந்தூரிலும் மற்ற முருகன் தலங்களிலும் சூரசம்ஹாரத்தின்போது பார்க்கலாம். ஆட்கள் தோளில் சுமந்து வரும் சூரனுக்கு உடம்பு ஒன்றுதான். தலையை மட்டும் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள். யானைத்தலை போகும், சிங்கத்தலை வரும். அதுவும் போய்ச் சூரனின் தலை வரும். வேல் நெருங்கும் ஒவ்வொரு முறையும் சூரன் சாமியைச் சுற்றி ஓடிப் போக்குக் காட்டுவான். கூட்டம் சிரிக்கும், கத்தும். கடைசியில் அவன் மாமரமாகிறான்; வேல் பிளக்கிறது; ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். ஒன்று வாகனம், ஒன்று கொடி. இவ்வளவு விகாரமாகச் செய்த வில்லனைக்கூட வெளியே தள்ள மனமில்லை. சண்டை ஓய்ந்தபின் ரெட் ஸ்கல்லை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்த பதிப்பகம், 1949-இல் இதழின் பெயரையே விசித்திரக் கதைகள் என்று மாற்றி, அவனை நரகத்துக்கு அனுப்பி, கேப்டன் அமெரிக்காவை அங்கே போய்ச் சண்டையிட வைத்தது. அடுத்த இதழோடு இதழே நின்றுபோனது.

வரலாற்றுப் போரைப் பாடும் இடைக்கால நூலான கலிங்கத்துப் பரணி இந்த விஷயத்தில் சங்க மரபின் பக்கம் நிற்கிறது. முதலாம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் திறை கட்டாத கலிங்கத்தின் மேல் படையெடுத்த கதை. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். செயங்கொண்டாரின் விசித்திர உருவங்கள் எல்லாம் காளியின் கோயிலில் பசித்துக் கிடக்கும் பேய்கள். நொண்டிப் பேய், கையில்லாத பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், செவிட்டுப் பேய், கூன் பேய் என்று ஒரு படையே இருக்கிறது. போர் முடிந்ததும் களத்தில் கூழ் காய்ச்சுகிறார்கள். பரிமாறுவதில் உபசாரம் வேறு: சமணப் பேய் ஒருவேளைதான் உண்ணும், ஆகவே மயிர் கிடக்காமல் பார்த்து, நிணத்தையே துணியாக்கி வடிகட்டி ஊற்றுங்கள் என்று ஒரு கட்டளை. பயங்கரமும் நக்கலும் ஒரே அகப்பையில் வருகின்றன. எதிரிக் கலிங்கரோ வெறும் மனிதர்கள். தோற்று ஓடும்போது ஒருவன் வில்லின் நாணைப் பூணூலாகப் போட்டுக்கொண்டு கங்கையாடப் போகும் பார்ப்பான் என்கிறான். ஒருவன் தலைமயிரைப் பறித்துக்கொண்டு சமணன் என்கிறான். ஒருவன் குருதி தோய்ந்த துணியைப் போர்த்துப் புத்தத் துறவியாகிறான். கேலி உண்டு. வெறுப்புக்கு இடமில்லை. போரைத் தின்று வாழ்பவை பேய்கள், அவை ஜெயித்தவன் பக்கத்துப் பேய்கள். செயங்கொண்டார் அரசவைப் புலவர். இதைக் கண்டனமாக எழுதியிருக்க மாட்டார். ஆனாலும் வெற்றியின் முதல் விருந்தாளிகள் யார் என்று அவர் பாட்டு சொல்லிவிடுகிறது.

இந்த மரபுள்ள நாட்டில், கொல்லிமலை அன்று சேர்ந்திருந்த சேலம் மாவட்டத்திலேயே, இரண்டாம் உலகப்போரின்போது பகைவனுக்கு முகம் செய்ய வேண்டி வந்தது. போரின் நடுவில் படச்சுருள் பங்கீட்டுக்கு வந்தது. படத்தின் நீளம் 11,000 அடிக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். போர் முயற்சிக்கு உதவும் படங்களை எடுக்கும்படி அரசு தயாரிப்பாளர்களை நெருக்கியது. 1945-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘பர்மா ராணி’ எடுத்தது. பர்மாவில் சிக்கிக்கொள்ளும் இந்திய விமானப்படை வீரர்கள், அவர்களுக்கு உதவும் உளவுப்பெண் என்று போகும் கதை. ராணியாக நடித்தவர் கே. எல். வி. வசந்தா. ஜப்பானியத் தளபதியாக நடித்தவர் படத்தின் இயக்குநரும் நிறுவனத்தின் உரிமையாளருமான டி. ஆர். சுந்தரமே. முதலாளி தானே வில்லன் வேடத்தை எடுத்துக்கொண்டது கவனிக்கத்தக்கது. அதே ஆண்டு கே. சுப்ரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’ படமும் ஜப்பானியர் மீதான அச்சத்தை வைத்து வந்தது.

அந்தப் படங்களின் பார்வையாளருக்கு ஜப்பானியன் யார்? 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டவன். அந்த மாதம் சென்னையைக் காலி செய்துவிட்டு ஓடிய குடும்பங்களுக்கு அவன் தெரிந்தவன். பர்மாவிலிருந்து காடுமலை தாண்டி நடந்தே வந்தவர்களுக்கும் தெரிந்தவன். மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துப் போகப்பட்டு மாண்ட தமிழ்த் தொழிலாளருக்கு எமன். அதே நேரத்தில் அவனே சுபாஷ் சந்திர போஸின் துணைவன். 1943-க்குப் பின் சிங்கப்பூரிலும் மலேயாவிலும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ஒரே தெருவில் ஒரு வீட்டில் அவன் எமன், அடுத்த வீட்டில் கூட்டாளி. இப்படிப்பட்ட எதிரிக்கு அமெரிக்கப் பாணியில் ஒரே முகம் செய்வது ஆகாத காரியம். அந்தப் பிரச்சாரப் படங்கள் தமிழ் நினைவில் வேர் பிடிக்காமல் போனதற்கு, அவற்றின் எதிரி பார்த்தவர்களின் எதிரியாக முழுமையாக இல்லை என்பதையே முதற்காரணமாகச் சொல்ல வேண்டும். இந்தியாவைப் போரில் இழுத்துவிட்ட ஆங்கிலேயனே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வேறொருவனை வில்லன் என்று காட்டினால் யார் நம்புவார்கள்?

அதிமனிதப் படக்கதை தமிழில் வேர் பிடித்தது அதற்குப் பிறகுதான். சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. பிரிட்டனில் 1962-இல் வந்த கதை அது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த ஆள் மூலக்கதையில் முதலில் இறங்குவது குற்றத்தில். 1984-இல் வந்த லயன் காமிக்ஸ் புகழ்பெறச் செய்த ஸ்பைடரும் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டுத் தொடங்கி, பிறகு மனம் மாறியவன். ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். சுரங்க முதலாளியையும் ஹிட்லரையும் நாயகனிடம் பிடித்துக் கொடுத்த அதே கை, சுமார் கால் நூற்றாண்டு கழித்து வில்லனையே நாயகனாக்கி எழுதியது. தமிழ்நாட்டுச் சிறுவர்கள் இந்த இருவரையும் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டார்கள். சூரன் மயிலானதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது?

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் ஓரிக்குச் சிலையும் பாவைக்குக் கோயிலும் உண்டு. ஓரியின் கதையைப் படக்கதையாகவோ திரைப்படமாகவோ செய்ய நினைப்பவர்கள் இனியும் வருவார்கள். ஒரே அம்பில் ஐந்து விலங்கை வீழ்த்தும் நாயகன், சிரித்துக் கொல்லும் பாவை என்று சரக்கு தயாராக இருக்கிறது. அவர்கள் காரியை வரையும்போது நிதானிக்க வேண்டும். ஓரிக்குக் கொடுக்கும் முகவெட்டை அவனுக்கும் கொடுங்கள். அவன் ஓரியைக் கொன்றது உண்மை. அதற்காகப் புலவர் எவரும் அவனை வள்ளல்கள் வரிசையிலிருந்து எடுத்துவிடவில்லை.